தோட்டப்புறத்திலிருந்து ஃபோர்ட் கேனிங் நிலவறைக்கு: முதன்முறை செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூர் நகரின் நடுவில் உள்ள ஃபோர்ட் கேனிங் குன்றின் அடியில், ஏறத்தாழ 9 மீட்டர் ஆழத்தில், பேட்டல்பாக்ஸ் என்று அழைக்கப்படும் பழைய போர்க்கால நிலவறை இருக்கிறது. முன்பதிவு செய்து செல்லும் சுற்றில் வழிகாட்டி ஒருவர் அழைத்துச் சென்று, குறுகிய நடைவழிகளையும் அவற்றை ஒட்டிய அறைகளையும் விளக்கிக் காட்டுவார். நாங்கள் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து ரெங்கம் பட்டணத்திலிருந்து, சுற்றியுள்ள தோட்டத்துக் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு, பதினேழு பேராகக் கிளம்பினோம். முதல் முயற்சியில் பதினொருவர்தான் நிலவறை வாசலை அடைந்தோம். அதுவும் எங்கள் சுற்று தொடங்கி நாற்பது நிமிடம் ஆன பிறகு. மீதி அறுவரில் நால்வர் ஊரிலேயே நின்றுவிட்டார்கள், இருவர் எல்லையிலிருந்து திரும்பினார்கள். இரண்டாவது முயற்சி சிக்கலின்றி முடிந்தது. இரண்டுக்கும் இடையில் நாங்கள் கற்றுக்கொண்டதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

வரிசை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எல்லாரும் முதலில் நிலவறைச் சுற்றைப் பதிவு செய்துவிட்டு, ஆவணங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். அதைத் தலைகீழாக்குங்கள்.

1. வருவோரின் அடையாள அட்டையை நேரில் பாருங்கள்

பெயர்ப் பட்டியல் எழுதும் நாளிலேயே ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் வாங்கி, உங்கள் கண்ணால் பாருங்கள். "ஐசி இருக்கிறது" என்று வாயால் சொல்வது போதாது. தோட்டப்புறங்களில் இன்னமும் சிவப்பு அடையாள அட்டையோடு வாழும் முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களாக இருக்கலாம், ஐம்பது ஆண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களாக இருக்கலாம், ஆனால் நிரந்தர வசிப்பிடத் தகுதி மட்டுமே உள்ளவர்கள் என்பதால் அவர்களுக்கு மலேசியக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) கிடைக்காது. எங்கள் குழுவில் ஒரு பாட்டி, எல்லாரையும்விட ஆவலாகப் புதுச் சேலைகூட எடுத்து வைத்திருந்தவர், குடிநுழைவு அலுவலக முகப்பில் நின்ற பிறகுதான் இதைத் தெரிந்துகொண்டார். அங்கே வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னிலையில் அவர் அதைக் கேட்க நேர்ந்ததற்கு, முன்கூட்டியே பார்க்காத நான்தான் பொறுப்பு.

இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் மருமகனோ மருமகளோ உடன் வருவதாக இருந்தால், அவர்களுக்குச் சிங்கப்பூர் விசா தேவை. அதற்கு விண்ணப்பிக்கத் தனியாக நாள் ஒதுக்குங்கள். மலேசியக் குடிமக்கள் குறுகிய வருகைக்கு விசா எடுக்க வேண்டியதில்லை.

2. கடப்பிதழ்

சிங்கப்பூருக்குள் நுழையும் நாளில் கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். காலாவதி ஆகாத கடப்பிதழ்தானே என்று எங்களோடு வந்த ஒருவர் நான்கு மாதம் மீதமிருந்ததைக் கையில் வைத்திருந்தார். எல்லையிலிருந்து திரும்பிய இருவரில் அவர் ஒருவர். மழையில் நனைந்து பக்கம் ஒட்டிப்போன கடப்பிதழும், குழந்தை கிறுக்கிய கடப்பிதழும் அதே கதிக்குத்தான் ஆளாகும்.

ஐந்தாண்டுக் கடப்பிதழுக்குக் கட்டணம் 200 ரிங்கிட். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் 100 ரிங்கிட். நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு இதுவே 600 ரிங்கிட் ஆகிவிடுகிறது. பயணத்தின் மிகப் பெரிய செலவு இதுதான், நிலவறையோ ரயிலோ அல்ல. ஆகவே சம்பள நாளைக் கணக்கில் வைத்து, குறைந்தது இரண்டு மாதம் முன்பே தொடங்கச் சொல்லுங்கள். பழைய கடப்பிதழைப் புதுப்பிப்பவர்கள் இணையம் வழி விண்ணப்பிக்கும் வசதி இருக்கிறது. முதன்முறை எடுப்பவர்கள் நேரில்தான் போக வேண்டும்.

பிள்ளைகளுக்கு எடுக்கும்போது பிறப்புப் பத்திரத்தின் மூலப்படி, பிள்ளையின் மைகிட் என்னும் சிறுவர் அடையாள அட்டை, பெற்றோரின் அடையாள அட்டை ஆகியவற்றோடு தாயோ தந்தையோ கட்டாயம் உடன் செல்ல வேண்டும். தாத்தா பாட்டி அழைத்துப்போய் நின்றால் நாள் வீண். பெற்றோர் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று வாழும் குடும்பங்களில் இந்த ஒரு காரியத்துக்கே பல வாரம் ஆகும்.

சிறிய விஷயங்கள் இரண்டு உண்டு. படம் அங்கேயே எடுப்பார்கள், பின்னணி வெள்ளை, ஆகவே தோளை மூடிய அடர்நிற உடை அணிந்து செல்லுங்கள். கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே வெள்ளைச் சட்டையில் வந்த எங்கள் பொருளாளர், பக்கத்துக் கடையில் கறுப்புச் சட்டை வாங்க ஓடினார். அடுத்தது பெருவிரல் ரேகை. ஆண்டுக்கணக்கில் பால் வெட்டியவர்களுக்கும் செம்பனைக் குலை அறுத்தவர்களுக்கும் ரேகை தேய்ந்திருக்கும், இயந்திரம் படிக்காது. முந்தைய இரண்டு மூன்று நாட்களில் கையில் எண்ணெய் தடவி மென்மையாக வைத்திருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்போதும் படியவில்லை என்றால் பதறாமல் அதிகாரியிடம் தொழிலைச் சொல்லுங்கள்.

3. பயணத் தடை இருக்கிறதா என்று பாருங்கள்

இது ஐந்து நிமிட வேலை. குடிநுழைவுத் துறையின் பயணத் தகுதிச் சரிபார்ப்புப் பக்கத்தில் அடையாள அட்டை எண்ணைத் தட்டினால், வெளிநாடு செல்லத் தடை இருக்கிறதா என்று காட்டிவிடும், கட்டணம் கிடையாது. வருமான வரி பாக்கி, திவால் அறிவிப்பு போன்றவை தடைக்குக் காரணமாகலாம். கடன் வாங்காதவருக்கு இதெல்லாம் எதற்கு என்று எண்ண வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன்பு தம்பியின் மோட்டார் சைக்கிள் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவரின் பெயரும் அதில் வரக்கூடும். எல்லையிலிருந்து திரும்பிய இரண்டாமவரின் கதை அதுதான்.

4. நாளும் நேரமும்

2025 ஜனவரி முதல் ஜொகூரின் வார விடுமுறை வெள்ளி சனியிலிருந்து சனி ஞாயிறுக்கு மாறிவிட்டது. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை நமக்கு விடுமுறை, சிங்கப்பூருக்கு வேலை நாள் என்பதால், பகலில் சிங்கப்பூருக்குச் செல்லும் ஜொகூர் பாலத்தைக் கடப்பது அவ்வளவு கடினமாக இல்லை. இப்போது இரு பக்கமும் ஒரே நாளில் புறப்படுகிறது. ஆகவே பள்ளி விடுமுறையில் வரும் செவ்வாய் அல்லது புதன் கிழமையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. சிங்கப்பூரின் பொது விடுமுறைப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தைப்பூசம் நமக்கு விடுமுறை, அங்கே இல்லை. சீனப் புத்தாண்டை ஒட்டிய நாட்களை அடியோடு தவிருங்கள்.

நம் பெரியவர்கள் எந்தப் பயணத்துக்கும் "விடியுமுன் கிளம்பினால் கூட்டம் இருக்காது" என்பார்கள். பழனிக்குப் போவதற்கு அது பொருந்தும், ஜொகூர் பாலத்துக்குப் பொருந்தாது. வேலை நாட்களில் விடியற்காலை நான்கு மணி முதல் எட்டு மணி வரை சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் பல்லாயிரம் பேர் அந்தப் பாலத்தில்தான் இருப்பார்கள். நாங்கள் முதல் முறை ஐந்தரைக்குப் போய் அந்த வெள்ளத்தில் மாட்டினோம். இரண்டாம் முறை காலை எட்டு மணிக்கு ரெங்கத்திலிருந்து வேனில் கிளம்பி, சிம்பாங் ரெங்கம் சென்று நெடுஞ்சாலை ஏறி, ஒன்பதரை மணிக்கு மேல் எல்லையைத் தொட்டோம். பதினொன்றுக்கு முன் சிங்கப்பூர் எல்லைச் சாவடி இருக்கும் உட்லண்ட்ஸைத் தாண்டிவிட்டோம்.

5. நிலவறைச் சுற்றைப் பதிவு செய்தல்

எல்லாருடைய கடப்பிதழும் கைக்கு வந்த பிறகே இதைத் தொடுங்கள். பேட்டல்பாக்ஸ் 2024இல் மீண்டும் திறக்கப்பட்டதிலிருந்து நுழைவுக்குக் கட்டணம் இல்லை, நீங்களே உள்ளே சென்று பார்த்துவிட்டு வரலாம். வழிகாட்டியுடன் செல்லும் சுற்றுக்குத்தான் கட்டணமும் முன்பதிவும். இலவசம்தானே என்று வழிகாட்டியை விட்டுவிடாதீர்கள் என்பது என் கருத்து. சொல்ல ஆள் இல்லாவிட்டால், முதன்முறை செல்பவருக்கு அந்த அறைகள் வெறும் சிமெண்டு அறைகள். எந்த அறையில் யார் அமர்ந்திருந்தார், எந்தச் செய்தி எந்த வழியாக வந்தது என்று ஒருவர் காட்டும்போதுதான் அவை பேசுகின்றன.

பிற்பகல் இரண்டு மணிக்குப் பிந்திய நேரத்தையே கேளுங்கள். காலை நேரத்துக்குப் பணம் கட்டுவது, பாலத்தோடு பந்தயம் கட்டுவதற்குச் சமம். பதினைந்து பேருக்கு மேல் இருந்தால் பதிவுக்கு முன்பே மின்னஞ்சலில் எழுதி, ஒரே சுற்றில் இடம் கிடைக்குமா, மூத்தோருக்கும் மாணவர்க்கும் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

பெயரில் ஒரு கண்ணி இருக்கிறது. கைத்தொலைபேசியில் "ஃபோர்ட் கேனிங் டனல்" என்று தேடினால் வேறு இரண்டு இடங்கள் வந்து நிற்கும். ஒன்று வாகனங்கள் செல்லும் சாலைச் சுரங்கம். மற்றொன்று, சுழல் படிக்கட்டின் அடியில் நின்று மேலே தெரியும் மரத்தோடு படம் எடுத்துக்கொள்ளும் இடம், அங்கே இளைஞர்கள் வரிசை கட்டி நிற்பார்கள். எங்கள் குழுவில் பாதிப்பேர் அந்த வரிசையில் அரை மணி நேரம் நின்றார்கள், இதுதான் நிலவறைக்கு நுழைவு என்று நம்பிக்கொண்டு. நீங்கள் தேட வேண்டியது "பேட்டல்பாக்ஸ்", முகவரி காக்ஸ் டெரஸ்.

6. சிங்கப்பூர் வருகை அட்டை

பேருந்தில் ஒருநாள் போய்வரும் மலேசியரும் இந்த மின்னியல் அட்டையை நிரப்பியாக வேண்டும். சென்று சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். புதன்கிழமைப் பயணத்துக்குத் திங்கட்கிழமை முதல் நிரப்பலாம், ஞாயிறன்று முயன்றால் ஏற்காது. சிங்கப்பூர்க் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் இணையப் பக்கத்திலோ அதன் மைஐசிஏ செயலியிலோ நிரப்பலாம். ஒரே முறையில் பத்துப் பேர் வரை சேர்த்து அனுப்பலாம் என்பதால், மின்னஞ்சல் இல்லாத முதியவர்களுக்கு நீங்களே நிரப்பிக் கொடுத்துவிடலாம்.

இதற்குக் கட்டணம் ஒரு காசும் இல்லை. தேடலில் முதலில் வந்து நின்று, அரசாங்கப் பக்கம் போலவே தோற்றமளித்து, கடைசியில் அட்டை எண் கேட்கும் பக்கங்கள் உண்டு. எங்களில் ஒரு குடும்பம் அப்படி ஒன்றில் நூறு ரிங்கிட்டுக்கு மேல் இழந்தது. பணம் கேட்டால் அது போலி, உடனே வெளியேறுங்கள்.

பெயரைக் கடப்பிதழில் உள்ளபடியே தட்டுங்கள். நம் பெயர்களில் இன்னாரின் மகன், மகள் என்பதைக் குறிக்க வரும் "ஏ எல்", "ஏ பி" இடையேயான சாய்கோட்டைப் படிவம் ஏற்காவிட்டால், கோட்டை மட்டும் விட்டுவிட்டு எழுத்துகளை வைத்துக்கொள்ளுங்கள். கடப்பிதழ் எண்ணையும் பிறந்த தேதியையும் இன்னொருவர் வாசிக்க, நீங்கள் ஒத்துப்பாருங்கள். கண்ணாடி இல்லாமல் பூச்சியத்தையும் ஓ எழுத்தையும் மாற்றித் தட்டியது நடந்திருக்கிறது.

7. பணமும் அட்டையும்

ஒரு சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) மூன்று ரிங்கிட்டுக்கு மேல். இதை நினைவில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். சிங்கப்பூரின் பெருவிரைவு ரயிலில் (எம்ஆர்டி) வங்கி அட்டையைத் தட்டிச் செல்லலாம், ஆனால் ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், ஒரே அட்டையைக் குடும்பமே தட்ட முடியாது. வெளிநாட்டு வங்கி அட்டைக்கு, பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு கூடுதலாகப் பிடிப்பார்கள். 0.9 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை.

மலேசிய டெபிட் அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் மூடியே இருக்கும். அதை வங்கிச் செயலியில் நீங்களே திறந்துவிட வேண்டும். ஊரிலேயே செய்யுங்கள். ரயில் நிலையக் கதவின் முன் நின்றுகொண்டு, பின்னால் ஆட்கள் முட்ட, கடவுச்சொல்லை நினைவுபடுத்திக்கொள்ளும் நிலை வேண்டாம்.

8. பாலத்தைக் கடத்தல்

சொந்தக் காரில் போக நினைப்பவர்கள் வாகன நுழைவு அனுமதி, அதற்கான அட்டை ஆகியவற்றையெல்லாம் முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும். ஒருநாள் பயணத்துக்கு அது தகாது. வேனை ஜொகூர் பாருவில் நிறுத்திவிட்டுப் பொதுப் போக்குவரத்தில் செல்லுங்கள்.

ரயிலில் போனால் ஜொகூர் பாரு சென்ட்ரலிலிருந்து உட்லண்ட்ஸுக்கு ஐந்தே நிமிடம், கட்டணம் 5 ரிங்கிட். திரும்பும்போது அதே ரயிலுக்கு 5 சிங்கப்பூர் வெள்ளி, அதாவது மூன்று மடங்குக்கு மேல். இது தெரியாமல் வரவுசெலவு போட்ட எங்கள் கணக்கு அங்கேயே உதைத்தது. இருக்கைகள் விரைவில் தீர்ந்துவிடும், குழுவாகப் போவோர் நாள் முடிவானதும் முதலில் இந்தச் சீட்டைத்தான் எடுக்க வேண்டும்.

பேருந்தில் போனால் மலேசியக் குடிநுழைவைக் கடந்து கீழே இறங்கிப் பேருந்து ஏற வேண்டும், உட்லண்ட்ஸில் இறங்கி அங்கே கடந்து மறுபடியும் ஏற வேண்டும். உங்களுக்காக அந்தப் பேருந்து காத்திருக்காது. அதே தடத்தின் அடுத்த பேருந்தில் ஏறிக்கொள்ளலாம், ஆனால் வேறு நிறுவனத்தின் பேருந்தில் பழைய சீட்டு செல்லாது. பையை இருக்கையில் வைத்துவிட்டு இறங்காதீர்கள். 170 எண் பேருந்து கிராஞ்சி பெருவிரைவு ரயில் நிலையம் வழியாகச் செல்கிறது. அங்கே இறங்குவதே நமக்கு எளிது.

புதிய கடப்பிதழில் முதன்முறை நுழைபவர்கள், கடப்பிதழுக்குப் பதில் விரைவுக் குறியீட்டை (கியூஆர்) காட்டிக் கடக்கலாம் என்று எண்ண வேண்டாம். அதே கடப்பிதழில் முன்பு சிங்கப்பூர் வந்தவர்களுக்கே அது உதவும். மற்றவர்கள் கடப்பிதழைக் காட்டித்தான் கடக்க வேண்டும், அதற்கென நேரம் ஒதுக்குங்கள். பெற்றோர் இல்லாமல் வரும் பிள்ளைகளுக்குத் தாய் தந்தை இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தை, குழுத் தலைவர் கையில் வைத்திருக்கட்டும்.

பையில் சுவிங்கம், மின்சிகரெட் இரண்டும் இருக்கவே கூடாது. சிகரெட்டுக்கு வரிவிலக்கு கிடையாது, ஒரு பெட்டி வைத்திருந்தாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். பொட்டலச் சோறு கொண்டுபோவதானால் இறைச்சி இல்லாமல் கட்டுங்கள். புளிச்சோறும் துவையலும் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை.

9. குன்றுக்கு

கிராஞ்சியிலோ உட்லண்ட்ஸிலோ வடக்கு தெற்குத் தடத்தில் ஏறினால், மாறாமல் டோபி காட் வரை செல்லலாம். முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கட்டணம் ஏறத்தாழ இரண்டு வெள்ளி. அறிவிப்புப் பலகைகளில் தமிழும் இருக்கும். அங்கிருந்து நிலவறைக்கு நடை, அதுவும் மேட்டில், படிக்கட்டுகளோடு. முழங்கால் வலி உள்ளவர்களை நிலையத்திலிருந்து டாக்சியில் ஏற்றி, காக்ஸ் டெரஸ் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். நான்கு பேர் பகிர்ந்துகொண்டால் அது வீண் செலவு ஆகாது.

சுற்று தொடங்கும் நேரத்துக்கு முப்பது நிமிடம் முன்பே வாசலில் இருங்கள். கழிப்பறை, தண்ணீர் எல்லாவற்றையும் அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

10. உள்ளே

ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்றும் நடந்தும் இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு தட்டையான காலணி அணியுங்கள். சன்னல் இல்லாத இடம், தாழ்ந்த வெளிச்சம். அடைபட்ட இடத்தில் மூச்சு முட்டுபவர்கள் வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிட்டு வரிசையின் பின்னால் நில்லுங்கள்.

விளக்கம் ஆங்கிலத்தில் நடக்கும். எங்கள் முதல் பயணத்தில் முதியவர்கள் தலையாட்டிக்கொண்டு வந்தார்களே ஒழிய ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் முறை எங்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பை முன்னதாகவே எழுதிக் கொடுத்தார். அதில் மூன்று செய்திகள் மட்டும் இருந்தன. இது மலாயாவில் பிரிட்டிஷ் படையின் தலைமைச் செயற்களம். 1942 பிப்ரவரி 15 காலை, தளபதி பெர்சிவல் தம் அதிகாரிகளோடு கூடி, ஜப்பானியரிடம் சரணடைவது என்று இங்கேதான் முடிவெடுத்தார். அன்று மாலை புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் கையெழுத்தானது. அவ்வளவு தெரிந்தாலே எந்த அறையும் புதிராக இராது. வழிகாட்டி பேசிக்கொண்டிருக்கும்போதே மொழிபெயர்த்தால் எல்லாருக்கும் இடைஞ்சல், ஆகவே அறையிலிருந்து அறைக்கு நடக்கும் இடைவெளியில் மெல்லச் சொல்லுங்கள்.

கேள்விகளைக் கடைசி வரை வைத்திருங்கள். போர்க்காலத்தில் ஜப்பானியர் தம் தந்தையைத் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப்போனதைச் சொல்லி, எங்களோடு வந்த தாத்தா ஒருவர் கேட்ட கேள்விக்கு வழிகாட்டி சுற்று முடிந்த பிறகும் நின்று பதில் சொன்னார். நடுவில் கேட்டிருந்தால் அடுத்த குழுவின் அவசரத்தில் அது அமுங்கிப்போயிருக்கும்.

11. திரும்புதல்

நாலரை மணிக்கெல்லாம் குன்றிலிருந்து இறங்கிவிடுங்கள், அல்லது லிட்டில் இந்தியாவில் இரவு உணவை முடித்துக்கொண்டு ஒன்பதுக்கு மேல் எல்லைக்குச் செல்லுங்கள். இரண்டுக்கும் நடுவில் போனால் வேலை முடிந்து வீடு திரும்புவோரோடு நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை என்றால் ஒன்பதும் போதாது.

திரும்பும் ரயிலுக்கு உட்லண்ட்ஸிலேயே இரு நாட்டுக் குடிநுழைவும் முடிந்துவிடும், ஜொகூர் பாருவில் இறங்கியதும் நேராக வெளியேறலாம். வேன் ஓட்டுநரிடம் திரும்பும் நேரத்தைத் துல்லியமாகச் சொல்லாதீர்கள். "எட்டிலிருந்து பதினொன்றுக்குள்" என்று சொல்லி, காத்திருப்புக்கு எவ்வளவு என்பதைக் காலையிலேயே பேசி முடித்துவிடுங்கள். நாங்கள் பேசாமல் விட்டதற்கு எண்பது ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்தோம். வேனில் ஏறியதும் ஆட்களை மட்டும் எண்ணாமல், கடப்பிதழ்களையும் கையில் எடுக்கச் சொல்லி எண்ணுங்கள்.